அவள் பேச வேண்டிய இடம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு பதினேழு நாடகம் எழுதி, பதினேழையும் மேடையேற்றினேன். இரண்டு கதைப் புத்தகம் சொந்தக் காசில் அச்சடித்தேன். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டங்களில் 'மாஸ்டர் வீடு எது' என்று கேட்டால் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டைக் காட்டமாட்டார்கள், என் கடையைத்தான் காட்டுவார்கள். றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியோடு பிழைப்பைத் தொடங்கியவன், இன்றைக்குச் சந்தியில் சொந்தக் கடை, சொந்த லொறி என்று நிற்கிறேன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் கடைக்கு வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மாஸ்டர், இத நாடகமா எழுதுறதா, கதையா எழுதுறதா?"

"பேச்சு வந்தா நாடகம், வரலன்னா கதை" என்பேன். சிரித்துக்கொண்டு போவார்கள். அது பாதிப் பதில்தான். மீதியை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்தத் தடை இல்லை.

எனக்கு நாடகம்தான் முதலில் வந்தது. விடியற்காலையில் மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டும்போது, ஒரு மரத்தில் ராஜா பேசுவான், அடுத்த மரத்தில் மந்திரி பதில் சொல்வான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இடது பக்கம் ஆள், வலது பக்கம் பேச்சு என்று எழுதிவிடுவேன். நடுவில் எழுதுகிறவன் நுழைய இடமே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கதை எழுதுகிறவர்களை அந்த நாளில் நான் மதித்ததில்லை. 'அவள் நெஞ்சு துடித்தது' என்று எழுதுகிறான். இவன் கையை வைத்துப் பார்த்தானா? எங்கள் ஆட்கள் பேசுவார்கள், திட்டுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள். அதை அப்படியே கொடுத்தால் போதும், உள்ளே இருப்பது தானாக வெளியே வரும் என்பது என் கட்சி. வடக்கில் சண்டை நடந்த காலத்தில் நாடகச் சுருக்கத்தைச் சிங்களத்தில் எழுதிப் பொலிசில் கொடுத்தால்தான் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட விடுவார்கள். அதையும் நானே எழுதினேன். ஒரு முறைகூட திரும்பி வரவில்லை.

எங்கள் நாடகங்களில் ஆம்பளைகளே பெண் வேஷம் கட்டுவார்கள். எனக்கு ஒரு பெண் வேஷக்காரன் இருந்தான். கீழ் டிவிசனில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக அறைகள் கட்டிய லயங்களில் கடைசி லயம், கடைசிக்கு முந்திய காம்பராவில் குடியிருந்தான். ஒல்லி உடம்பு, நல்ல குரல். மாசி மாதம் காமன் கூத்தில் அவன் வேஷம் கட்டி இறங்கினால் பக்கத்துத் தோட்டத்துப் பயல்கள் விசில் அடிப்பார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் நான் ஒரு தடவை வாசித்தால் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மறுநாள் முழுசாக ஒப்பிப்பான். அவனைப் போல ஒருவனை நான் உருவாக்கினேன் என்பதே எனக்குப் பெரிய பேர்.

அவனுக்குச் சேலை கட்டி விடுவது அவன் பெண்சாதி. திரைக்குப் பின்னால் அவள் குரல் முன்வரிசை வரைக்கும் கேட்கும்.

"இந்தாங்க, இடுப்ப அப்படி ஆட்டாதீங்க. நானே ஆட்டுறதில்ல."

என்னைக் கண்டால், "மாஸ்டர், இவருக்கு அழுவுற எடமா பாத்துக் குடுங்க, வீட்டுல நல்லா அழுவாரு" என்பாள். அவன் பொட்டு வைத்த முகத்தோடு, "சும்மா கெட புள்ள" என்பான். அவளுக்குப் பயம் என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. இவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை. பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிறகு சண்டைக்கு ஓய்வு விட்ட காலம் வந்தது. ரோட்டில் செக்கிங் குறைந்தது. தோட்டத்துப் பயல்கள் கொழும்புக்குப் பாய்ந்தார்கள். இவனும் போய் ஒரு சோற்றுக்கடையில் சேர்ந்தான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். திருவிழா என்றால் லீவு போட்டு வந்து வேஷம் கட்டுவான்.

அந்தக் காலத்தில்தான் அந்த மழையும் பெய்தது. இரத்தினபுரியில் இருக்கிற எங்களுக்கு மழை புதுசில்லை. களுகங்கை பெருகுவதும் புதுசில்லை. ஆனால் அது மழை மாதிரி இல்லை. விடிந்த பிறகும் வெளிச்சம் வரவில்லை. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் எடுக்கவில்லை, எல்லோரும் லயத்துக்குள் இருந்தார்கள். வேலைக்குப் போயிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். மேலேயிருந்து மலை கழன்று கடைசி லயத்தின் மேல் உட்கார்ந்தது.

முதலில் மண்வெட்டியோடு வந்தது கீழே கிராமத்துச் சிங்கள ஆட்கள். நானும் லொறியில் ஆள் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். வெட்ட வெட்ட மண் இறங்கியது. கடைசியில் ஒரு இடத்தில் சேலை நிறம் தெரிந்தது. என்னைவிட மூத்த கிராமத்து மனிதர் ஒருவர் என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். "மல்லி, பலண்ட எப்பா" என்றார். பார்க்காதே தம்பி என்று. நான் பார்த்தேன். நான் பார்க்காமல் யார் பார்ப்பது? தாயும் பாப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. பாப்பா சுவர்ப் பக்கமாகக் கிடந்தது. தாய் இந்தப் பக்கம்.

மழை விடவில்லை. உடம்புகளை வைத்திருக்க முடியாது என்று அன்றைக்கே அடக்கம் செய்தோம். அவனுக்குச் சேதி போய், எஹலியகொடை வரைக்கும் பஸ்ஸில் வந்து, அதற்கு அப்புறம் ரோடு தண்ணீருக்குள் போனதால் நடந்தும் படகிலும் வந்து சேர்ந்தபோது குழி மூடியிருந்தது. அவன் அழவில்லை. குழியை ஒரு தரம் சுற்றி வந்து, "எது பாப்பா, எது அவ?" என்று கேட்டான். காட்டினேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் கடைக்கு வந்தான். கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்தான்.

"மாஸ்டர், இத நாடகமா எழுதுங்க."

"எத?"

"மண்ணு விழுந்தத. திருவிழாவுக்குப் போடுவோம். நான் அவளா நிக்கிறேன்."

"டேய், ஒனக்குப் புத்தி கலங்கிருச்சா?"

"இல்ல மாஸ்டர். வேற எவனும் அவளா நிக்கக்கூடாது. நான் நிக்கிறேன். அவ என்னா சொன்னான்னு நீங்க எழுதிக் குடுங்க." பிறகு சொன்னான்: "அவ என்னையக் கூப்பிட்டாளான்னு தெரியாம இருக்க முடியல. கூப்பிட்டிருந்தா நான் வரல. கூப்பிடலன்னா, நான் வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டா. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சா போதும்."

எழுதிக் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தான். நான் அதுவரை எழுதியதெல்லாம் அவன் வாயில் உண்மையாகத்தான் வந்திருக்கிறது, அதனால் அப்படி நம்பினான். நானும் நம்பினேன். ராஜாவுக்கும் யமனுக்கும் பேச்சு எழுதினவனுக்குப் பக்கத்து லயத்துப் பெண்ணுக்கு எழுத வராதா?

எழுதினேன். மலை இடிகிற சத்தம் கேட்டதும் அவள் புருஷன் பேரைச் சொல்லி அலறுகிறாள். மூன்று தடவை. மேடையில் நின்றால் கல்லும் கரையும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவன் பாதியில் கையைத் தூக்கினான்.

"என் பேர அவ வாயால ஒரு நாளும் சொன்னதில்ல மாஸ்டர். ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளச் சொல்லச் சொல்லுவா."

அது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பேனா ஓடும்போது மேடைதான் கண்ணில் நின்றது. மாற்றினேன். 'இந்தாங்க, இந்தாங்க' என்று கூப்பிட வைத்தேன். அவன் எழுந்து நின்று சொல்லிப் பார்த்தான். குரல் அவள் குரலாகவே வந்தது. கடையில் அரிசி கொத்திக்கொண்டிருந்த கோழியை விரட்ட வந்த என் பெண்சாதி அப்படியே நின்றுவிட்டாள். அவனோ தலையை ஆட்டினான்.

"இல்ல. 'இந்தாங்க'ன்னா கைக்கெட்டுற தூரத்துல நிக்கிற ஆளத்தான் கூப்பிடுவா. அவ அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டா."

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பேச்சு எழுதினேன். சாமியைக் கூப்பிட வைத்தேன், அம்மாவைக் கூப்பிட வைத்தேன். எல்லாவற்றுக்கும் "அவ இல்ல" என்றான். என் வாழ்க்கையில் எனக்குப் பேச்சு வராமல் போனது அந்த ஒரு இடத்தில்தான். அவன் மெலிந்துகொண்டே போனான். வேலைக்குப் பேர் கொடுக்கவில்லை. ஞாயிறு வருவதற்காக மட்டும் இருந்தான்.

கதை எழுதுகிறவர்களைப் பார்த்து 'கையை வைத்துப் பார்த்தானா' என்று கேட்டவன் நான். அதனால் நானே போய்ப் பார்த்தேன். அவர்கள் காம்பராவுக்கு அடுத்தது, லயத்தின் கடைசிக் காம்பரா. அதில் குடியிருந்த அக்கா ஒருத்தி உயிரோடு கிடைத்திருந்தாள். வயதான விதவை, தனி ஆள். இடுப்புக்குக் கீழே அடிபட்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து, வீடு இழந்தவர்களோடு பழைய றப்பர் ஸ்டோரில் இருந்தாள். றப்பர் சீட்டு உலர்த்திய புகை நாற்றம் சுவரை விட்டுப் போகாத கட்டிடம். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போய்க் கேட்டேன்.

"ஏன் மாஸ்டர், நாடகத்துக்கா?"

"ஆமா."

அவள் சொன்னாள். எங்கள் பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்குத் திறந்தே கிடக்கும். மலை முதலில் இறங்கியதும் அவர்கள் காம்பராவின் கதவுப் பக்கம் மண் வந்து அடைத்துவிட்டது. தாய் பிள்ளையைத் தூக்கி அந்தச் சுவருக்கு மேலே நீட்டியிருக்கிறாள்.

"'அக்கா, பாப்பாவ வாங்கிக்கங்க'ன்னா. கத்தல. சும்மா, எண்ணெய் வாங்குறப்ப கிண்ணிய நீட்டுவாளே, அப்படித்தான் சொன்னா. நான் அடுப்புத் திட்டுல ஏறினேன். பாப்பாவோட காலு ரெண்டும் எங் கையில பட்டுச்சு மாஸ்டர். சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் செவுரு வந்துருச்சு."

பேச்சு கிடைத்துவிட்டது. நான் எழுதின பதினேழு நாடகத்திலும் அப்படி ஒரு பேச்சு இல்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத மேடையில அவன் வாயால சொன்னான்னா நான் எந்த மூஞ்சியோட கீழ ஒக்காந்திருப்பேன்? ஏன் நீ வாங்கலன்னு ஒவ்வொருத்தியும் கேப்பா. வாங்கினேன்னு சொன்னா புள்ள எங்கன்னு கேப்பா. ஏற்கனவே, கெழவி நீ கெடந்து என்னா பண்ணப் போற, அது போயிருச்சேன்னு எங் காதுபடப் பேசுறாளுக. நான் இருக்கிற வரைக்கும் வேணாம் மாஸ்டர்."

அங்கேதான் நாடகம் என்னைக் கைவிட்டது. நாடகத்தில் ஒரு பேச்சை ஒன்று சொல்ல வேண்டும், இல்லை விட வேண்டும். பாதி சொல்லி மறைக்க முடியாது. அந்த இடத்தில் அவள் என்னத்தையாவது சொல்லித்தான் ஆக வேண்டும், வாயை மூடிக்கொண்டு நின்றாலும் முன்வரிசைக்குத் தெரியும். உண்மையைப் போட்டால் அக்கா செத்தாள். பொய்யைப் போட்டால் அவன் கண்டுபிடிப்பான், அதுவரைக்கும் எல்லாப் பொய்யையும் கண்டுபிடித்தவன். கதையில் அப்படி இல்லை. கதையில் எழுதுகிறவன் குறுக்கே நிற்கலாம். மழையைச் சொல்லலாம், இருட்டைச் சொல்லலாம், ஆள் மறைகிற மாதிரி ஒரு குடையை விரிக்கலாம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதை எழுதினேன். இடது பக்கத்தில் ஆள் இல்லாத தாளைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் எழுதிய பிறகு பார்த்தால், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். மழை, காலையில் அவள் ஊதிய அடுப்பு, நனைந்த விறகு, பாப்பாவுக்குச் சுட்ட ரொட்டி. அவன் கண்ணை மூடியபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். முதல் தடவையாக ஒன்றும் மறுக்கவில்லை. அந்த இடம் வந்தது.

'அவள் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்கவில்லை.'

கண்ணைத் திறந்தான்.

"யாருக்குக் கேக்கல?"

"என்னாடா?"

"யாருக்குக் கேக்கலன்னு கேக்குறேன் மாஸ்டர். ஆளே இல்லாத எடத்துல கேக்கலன்னு எவன் சொல்லுவான்? கூப்பிட்டது கேட்டிருக்கு. யாரன்னு மட்டும் கேக்கல. அப்ப பக்கத்துல ஒரு ஆளு நின்னிருக்கு."

மேடையில் ஒரு வார்த்தை பேசினால் அதைக் கேட்கிற ஆளைப் பார்த்துப் பேசு என்று அவனுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். "அது சும்மா ஒரு கதைப் பேச்சுடா" என்றேன். அவன் எழுந்துவிட்டான். அந்தப் பக்கம் உயிரோடு மிஞ்சினது ஒரே ஆள்தான். நான் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

அக்கா ஸ்டோர் வாசலில் காலை நீட்டிக்கொண்டு வெயிலில் இருந்தாள். அவன் எதிரே குந்தினான்.

"அக்கா, அவ கூப்பிட்டாளா?"

அக்கா அவனுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். "மாஸ்டர் சொல்லிட்டாரா?"

"மாஸ்டர் ஒண்ணும் சொல்லல. கேக்கலன்னு எழுதியிருக்காரு."

"கேட்டுச்சுப்பா" என்றாள் அக்கா. எனக்குச் சொன்னதையே சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. பாப்பாவின் கால் கையில் பட்டது வரைக்கும் சொன்னாள். அவன் அவள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்.

"என்னைய?"

"ஒன்னைய எங்கப்பா கூப்பிடுவா? நீ கொழும்புல இருக்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து, "அது சரி" என்றான். பிறகு, "அவ வெவரமானவ. வராத ஆளக் கூப்பிட்டு நேரத்தக் கழிச்சிருக்க மாட்டா" என்றான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. வேஷத்தில் அழுகிற அழுகை இல்லை, அதில் குரலே இல்லை.

அழுது முடித்து என்னிடம் திரும்பினான். "அந்த வரிய அடிச்சிருங்க மாஸ்டர். 'அக்காவக் கூப்பிட்டா, அக்காவுக்குக் கேட்டுச்சு'ன்னு எழுதுங்க. அதான அவ பேச்சு. அவ கடைசியாச் சொன்னது. அது இல்லாமப் போகக்கூடாது."

"எழுதாதீங்க மாஸ்டர்" என்றாள் அக்கா.

"எழுதுங்க."

"நான் இங்கதாம்பா இருக்கணும். நீ பஸ் ஏறிப் போயிருவ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நியாயம் அவன் பக்கமும் இருந்தது, இவள் பக்கமும் இருந்தது. நான் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். "அக்கா இருக்கிற வரைக்கும் இல்ல" என்று முடிவு சொன்னேன். தோட்டத்தில் பத்து வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னவன் நான், அன்றைக்கு என் தீர்ப்பை அவன் ஏற்கவில்லை. "நீங்க எழுதுறவருன்னு நெனச்சேன்" என்றான். அடுத்த வாரமே கொழும்புக்குப் போய்விட்டான். அந்தத் திருவிழாவுக்குப் பழைய ராஜா நாடகம் ஒன்றைப் போட்டோம். பெண் வேஷத்துக்கு வேறு ஒருவன். சரியில்லை. அதற்குப் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. என் இரண்டு கதைப் புத்தகமும் அதற்குப் பின்னால் வந்தவை. இரண்டிலும் இது இல்லை.

அக்கா அந்த ஸ்டோரிலேயே இருந்தாள். வீடு கட்டித் தருகிறோம் என்று அளந்துகொண்டு போனவர்கள் திரும்பவில்லை. சண்டை மறுபடி தொடங்கி, அதுவும் முடிந்த வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். தனி ஆள், தூக்க ஆள் வேண்டுமே என்று பயல்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். யார் சொன்னார்களோ, அவன் கொழும்பிலிருந்து வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. என்னோடு பேசவில்லை. பாடையின் முன் கொம்பைத் தோளில் வாங்கினான், மயானம் வரைக்கும் ஆள் மாற்றவில்லை.

மண் தள்ளி முடிந்தது. எல்லோரும் கை கழுவக் கீழே இறங்கினார்கள். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாஸ்டர், இப்ப எழுதுங்க."

"நாடகமாவா?"

"வேணாம். எவனும் எந்திரிச்சு நின்னு அதச் சொல்ல வேணாம். எழுதி மட்டும் வைங்க."